மேல்மாடியில் பிலோமி

அன்றைய பேச்சு ஜெஸ்னாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. வண்டன்மேட்டில், தங்கும் விடுதியாக மாறிய ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் வரவேற்பு மேசை வேலைக்கு அவள் சேர்ந்த புதிது. மேல்மாடிக்கு மரத்தளம். மிதித்தால் கத்தும்; தூக்கம் கெடுகிறதென்று தங்க வந்தவர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். முதலாளி ஜிபி, மரவேலை செய்யும் மத்தியாஸை அழைத்து வந்திருந்தார்.

"உத்திரத்துக்கு உத்திரம் நடுவுல இடைக்கட்டை இருந்துச்சு சாரே. பாத்ரூம் பைப்பு கொண்டுபோக அதையெல்லாம் அறுத்துட்டாங்க. இப்ப ஒவ்வொண்ணும் தனித்தனியா அசையுது, பலகை ஆணியில உரசுது" என்றார் மத்தியாஸ்.

"அப்போ கட்டையை வெச்சுக் கொடு."

"கீழ சீலிங்கப் பிரிக்கணும்."

"புது சீலிங்கா? சீசன்ல அது நடக்காது. மேலருந்து நாலு ஆணி அடி."

"அடிக்கிறேன். கொஞ்ச நாளு வாயை மூடிக்கிட்டு இருக்கும்."

ஜிபி, துடைப்பத்துடன் நின்ற பிலோமியின் பக்கம் திரும்பினார். "சேச்சிக்குக் கொஞ்சம் கனமுண்டு. மெல்ல நடக்கணும் கேட்டோ. இனி ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தா வேற ஆளைப் பார்க்க வேண்டிவரும்."

"இதுக்கு மேல மெல்ல நடந்தா நிக்கத்தான் செய்யணும் சாரே" என்றாள் பிலோமி. மத்தியாஸ் சிரித்தார். ஜிபி சிரிக்கவில்லை.

பிலோமி சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் பிறந்தவள். செடிக்கடியில் குந்திக் குந்திக் காய் எடுத்தே முழங்கால் தேய்ந்துபோனது. இனித் தோட்டத்துக்குப் போக முடியாது. விடுதியை விட்டால் அவளுக்கு வேறு வேலை இல்லை.

ஆணிகள் மத்தியாஸ் சொன்னபடியே இளகின. பிலோமி செருப்பைக் கழற்றினாள். உத்திரத்தின் முனை சுவரில் பதிந்த இடத்தில் சத்தம் குறைவு என்று கண்டு, சுவரோரமாகவே நடந்து பழகினாள். காலைச் சாயாவை அப்படித்தான் ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோனாள். அதற்கும் புகார் வந்தது. யாரோ சத்தமில்லாமல் கதவோரம் வந்து ஒட்டுக்கேட்கிறார்கள் என்று கொச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் சொல்லிவிட்டுப் போனது. அதை ஜிபிக்குப் போனில் ஜெஸ்னாதான் சொல்ல வேண்டியிருந்தது. மலையாளத்தில் எவ்வளவு மென்மையாகச் சொல்லிப் பார்த்தும் அது புகாராகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் பிலோமி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். யார் சொன்னது, என்ன சொன்னது என்று கேட்கவில்லை. ஜெஸ்னாவின் மெலிந்த உடம்பை ஒருமுறை பார்த்தாள்.

"நாளைக்கு சாரு கீழ நிக்கும்போது நீ மேல ஒரு நடை நடம்மா. நடுவுல மிதிச்சு நட. நான் எதுக்குச் சுவரோரமாப் போறேன்னு அவருக்குத் தெரியணும்ல. உன் காலுக்கும் அது கத்துறத அவரு காதால கேக்கட்டும்."