பத்துப் புள்ளிகள் வரை

என் குறிப்பேட்டில் ‘கார்த்திகை 12, ஞாயிறு’ என்ற தேதிக்குக் கீழே ஒரே வரி இருக்கிறது: “எட்டுப் புள்ளியிலேயே லேப்டாப் நின்றுவிட்டது.”

மதுரையில் கணித ஆய்வு செய்யும் என் தங்கைக்காக நான் எழுதிய கணினி நிரல் அதில் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் கிடைக்கும் உருவைக் கோட்டுரு என்பார்கள். எல்லாக் கோட்டுருக்களுக்கும் பொருந்தும் ஒரு விதியை அவள் ஊகித்திருந்தாள். பத்துப் புள்ளிகள் வரை ஒன்றுவிடாமல் சோதித்தால்தான் ஆய்வேட்டில் சேர்க்கலாம் என்று அவளுடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். பொருந்தாதது ஒன்றே ஒன்று கிடைத்தாலும் இரண்டு வருட உழைப்பு வீண்.

நான் எல்லாவற்றையும் உருவாக்கிவிட்டு, ஒரே மாதிரியானவற்றைக் கடைசியில் நீக்கப் பார்த்தேன். எட்டுப் புள்ளிகளுக்கே இருபத்தாறு கோடிக்கு மேல் வரும். உண்மையில் வேறுபட்டவை 12,346 மட்டுமே. மீதியெல்லாம் அதே உருவில் புள்ளிகளின் பெயர் மட்டும் மாறியவை.

அந்த வாரம் போடிக்கு மேலே மலையில் வேலைக்கு ஆள் குறைவு. ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் நானும் காய் பறிக்க உட்கார்ந்தேன். அடிவாரத்துச் சிலமலை ஊரிலிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் பெண் ஒருவர் என் கூடையைப் பார்த்தார்.

“என்னண்ணே, எளங்காயையும் சேத்துல்ல பறிச்சிருக்கீக?”

“கீழ கொண்டுபோயி பொறுக்கிக்கிறலாம்ல?”

“அங்க யாரு பொறுக்குறது, நீங்களா? கண்ணுல படும்போதே விட்டுட்டா சோலி வெரசா முடியும். நீங்க பேசாம பேனாவப் புடிங்கண்ணே.”

பக்கத்துச் செடிகளில் சிரிப்பு. நிரலிலும் நான் செய்தது அதேதான் என்பது மதியச் சோற்றின்போது உறைத்தது.

போடியில் வீட்டுக்கு இறங்கியதும் நிரலை மாற்றி எழுதினேன். ஏழு புள்ளிகளில் வேறுபட்டவை 1,044. ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரு புள்ளியை 128 விதமாகச் சேர்த்தால் 1,33,632 தான் வரும். அங்கேயே ஒரே மாதிரியானவற்றைக் கழித்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போனேன். எட்டுக்கு 12,346 சரியாக வந்தது. கணிதக்காரர்கள் இதைவிட நல்ல வழிகளை எப்போதோ கண்டுபிடித்திருப்பதைப் பிறகுதான் படித்தேன்.

பத்துப் புள்ளிகளுக்குப் பல நாள் ஓடியது. மார்கழி 2, வெள்ளி, காலை பதினொன்றேகாலுக்கு முடிந்தது: 1,20,05,168. நூல்களில் இருக்கும் எண்ணும் அதுவே. விதிக்குப் பொருந்தாதது ஒன்றுகூட இல்லை.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“நெசமாவா அண்ணே?”

“எண்ணிக்கைய ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“அப்ப நான் எழுத ஆரம்பிக்கிறேன். நீ பதினொண்ண ஓட்டு.”

“ஏன் ஆத்தா, என் லேப்டாப்பு மேல உனக்கு என்ன கோவம்?”

அந்த அத்தியாயத்தை வழிகாட்டி ஏற்றுக்கொண்டார். பதினொரு புள்ளிகளுக்கு நூறு கோடிக்கு மேல் வரும். பகுதி பகுதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றிலும் விதி பொருந்துகிறதா என்பது இதை எழுதும் நாள்வரை முழுதாகச் சரிபார்க்கப்படவில்லை.