எட்டு முனைப் பதக்கம்

இந்தப் பேச்சை எடுத்தாலே என் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள். கட்டுக்கதைக்கு யாரும் அப்படி நடுங்க மாட்டார்கள். இது நடந்தது.

அத்தான் பல் டாக்டர். ஐரோப்பிய அரசர்கள் அந்தக் காலத்தில் தங்கள் வீரர்களுக்குச் சூட்டிய எனாமல் பதக்கங்கள் என்றால் அவருக்கு உயிர். "என் முகத்தைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை" என்று அக்கா கிண்டலடிப்பாள். இருபத்தாறு சேர்த்திருந்தார். இருபத்தேழாவது, ஒரு செவ்வாய்க்கிழமை பார்சலில் வந்தது. எட்டு முனை வெள்ளைச் சிலுவை. ஒரு கீறல் இல்லை.

கையில் எடுத்தார். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. வெயிலில் வந்த பார்சல்தானே என்று விட்டுவிட்டார்.

புதன் காலை 7.15. கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். பழைய இருபத்தாறும் குப்புறக் கிடந்தன. புதியது மட்டும் நிமிர்ந்து...

வியாழன் பிற்பகல் 3.10. ஆறு வயது மகளுக்குத் திடீரென்று மூச்சு இழுத்தது. சட்டையைக் கழற்றிய அக்கா அலறினாள். பிஞ்சு நெஞ்சில் சிவப்பாக எட்டு முனைகள்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். குழந்தையின் உதடு நீலம் பாரித்தது.

"அந்தச் சனியனை உடைச்சுத் தொலைங்க!"

3.18. பதக்கத்தைக் குளியலறைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்.

டங்!

எனாமல் தெறிக்கவில்லை. உள்ளே குழந்தை வீறிட்டாள்.

டங்!

மறுபடியும் வீறிட்டாள்.

"ஐயோ, நிறுத்துங்க... அடி இவ மேல விழுது..."

சுத்தியல் நழுவியது. அத்தான் ஈரத்தரையில் மண்டியிட்டார். வாய்விட்டு அழுதார்.

"சின்னப் பொண்ணு அவ. விட்டுடு. என்னை எடுத்துக்கோ."

பதக்கத்தை எடுத்துத் தன் சட்டையில் குத்தினார். ஊசி துணியோடு நிற்கவில்லை.

தோல்...

சதை...

3.24.

உள்ளே இழுப்பு நின்றது.

"அப்பா... தண்ணி."

குனிந்து பார்த்தார். சட்டையில் ரத்தம். பதக்கத்தைக் காணோம்.

வீட்டையே புரட்டினார்கள். கிடைக்கவில்லை. குழந்தையின் நெஞ்சிலிருந்த சிவப்பு மறைந்தது. அத்தானின் மார்பில் வந்த எட்டு முனைப் புண் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

அடுத்த திங்களன்று, பதக்கத்தை விற்ற வியாபாரிக்குப் போன் செய்தார்.

"அந்தப் பதக்கம் முன்னாடி யார்கிட்ட இருந்தது?"

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் டாக்டர், மன்னிச்சுக்கோங்க. பத்து நாள் முன்னாடி பார்சல் கட்டும்போது கை தவறிக் கீழ விழுந்து தூள் தூளாயிடுச்சு. உங்களுக்கு நான் எதுவுமே அனுப்பலையே."