ஈசாக்கின் மூக்கு

ஓய்வூதிய அலுவலகம் தந்த சான்றிதழில் கோட்ஹோல்ட் வீசிங்கரைப் பற்றி இப்படி இருந்தது: போரில் இரு கண்களையும் இழந்தவர், சாந்த குணம், பிறர் துணையின்றி எதையும் செய்ய இயலாதவர்.

அந்த மனிதர்தான் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டாக்டர் ஆம்மோனின் விவிலிய நாவலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். டாக்டர் நடந்துகொண்டே சொல்லுவார், இவர் தட்டுவார்.

"ஈசாக்குக்கு வயசாகிப் பார்வை போச்சுன்னு எழுதியிருக்கு. நான் நம்பல. பாக்க வேணாம்னு மனசு கதவைச் சாத்துச்சு, கண்ணு கீழ்ப்படிஞ்சுது. குருடு எல்லாமே அப்படித்தான்."

"என் கதவைச் சாத்தினது பிரெஞ்சுக்காரன் குண்டுங்க, ஹெர் டாக்டர்."

"அது உங்க நினைப்பு, வீசிங்கர்."

ஒரு மாலை பீர் குடிக்கையில் வீசிங்கர் வாய்தவறிச் சொன்னது: அவர் தம்பி தோல் பதனிடுகிறவன். தன் மனைவியின் சால்வையில் அந்தப் பட்டறை வாடை. தெரிந்தும் அவர் கேட்கவில்லை. டாக்டர் ஆறுதலாக முதுகைத் தட்டினார். மறுவாரம் நாவலில் ஈசாக்கின் மனைவி ரெபெக்காளின் சால்வையில் தோல் வாடை வீசியது. சூப் சூடாக வந்துகொண்டிருந்ததால் ஈசாக்கு வாயைத் திறக்கவில்லை. இது அச்சேறினால் ஊரே வீசிங்கரின் வாசலைப் பார்த்துச் சிரிக்கும்.

"அந்த இடத்தை எடுத்துடுங்க, ஹெர் டாக்டர்."

"எடுக்கவா? புத்தகத்துலயே உண்மையான இடம் அதான். அதுவும் உங்க கதை இல்ல. நாலாயிரம் வருஷத்துக் கதை. நீங்க அதுல தடுக்கி விழுந்தீங்க, அவ்வளவுதான்."

அப்போது நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் நாவலின் மூன்று பக்கங்கள் வெறும் வெள்ளைத்தாளாக வந்தன. கீழே, 'அச்சிடலாம்' என்று டாக்டரின் கையொப்பம். தட்டச்சுப்பொறியின் ரிப்பன் நழுவியதை வீசிங்கர் அறியவில்லை. அவர் அறியாததற்குக் காரணம் உண்டு. ஆனால் டாக்டர்? தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வீசிங்கரிடம் இதைச் சொன்னேன்.

வீசிங்கர் சிரிக்கவில்லை. "நல்லா வந்திருக்குன்னு பாராட்டினாரே," என்றார்.

டாக்டரின் கண்ணில் புரை விழுந்திருந்தது. குருடு மனசின் வேலை என்று பிரசங்கம் செய்பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நடமாட முடியுமா? தாளைப் புரட்டுவார், தலையசைப்பார், கையொப்பமிடுவார்.

புத்தகம் வெளிவந்தது. அதில் ரெபெக்காள் வாரந்தோறும் குழலூதியிடம் பாட்டுக் கற்கப் போய் லாவண்டர் வாசனையோடு திரும்பினாள். கிழவன் ஈசாக்கு படிக்க முடியாத ஓலையைப் பிடித்துத் தலையசைத்தபடி இருந்தான். டாக்டர் மனைவி எந்தப் பாடகர் குழுவுக்குப் போகிறாள், அதன் நடத்துநர் தலையில் என்ன எண்ணெய் என்பதெல்லாம் ஊர் அறியும். விமர்சகர்கள் உருகினார்கள்: ஆசிரியர் தன் நெஞ்சையே கூசாமல் கீறிக் காட்டியிருக்கிறாராம்.

மதுக்கூடத்தில் யாரோ அதை உரக்கப் படித்த அன்றுதான் டாக்டருக்குத் தெரிந்தது. நேராக வீசிங்கரிடம் வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"நீங்க படிச்சுப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டீங்க, ஹெர் டாக்டர்?"

இல்லை என்றால் கண் போனதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆமாம் என்றால் மனைவி போனதை. டாக்டர் தொப்பியைத் தேடினார். வீசிங்கரே எடுத்துக் கொடுத்தார்.

வீசிங்கர் செய்தது இதுதான்: தன் மனைவியை அந்த அத்தியாயத்திலிருந்து எடுத்தார், டாக்டரின் மனைவியை அங்கே வைத்தார், கையொப்பமிட வேண்டிய இடத்தை டாக்டரின் விரலைப் பிடித்துக் காட்டினார்.