சேற்றுவாயனை இரண்டாம் முறை கொன்றது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. வாழை இலைக்கட்டைத் தலையில் சுமந்து தொழிலை ஆரம்பித்தேன். இன்று திருநெல்வேலியில் பெரிய கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு அடுத்தபடி இலைக்கு என்னைத்தான் சொல்லி வைக்கிறார்கள். அப்படிப்பட்ட நான் தலை நரைத்த பிறகு ஒரு நாவல் எழுதி, என் சொந்தச் செலவில் அச்சடித்தேன். அதில் வருவது சேற்றுவாயன். மணிமுத்தாற்று அணையின் அடிச்சேற்றில் பிறந்து, தாமிரபரணி வழியே ஆட்களைத் தின்றுகொண்டே, ஆறு கடலில் சேரும் புன்னக்காயலை நோக்கிப் போகும். வாய் வயிற்றில் இருக்கும். செத்தவன் குடலை உருவித் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நடக்கும். முழுக்க என் யோசனை.

படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் கடையில் ஆள் நிற்பது தெரியாமல் படித்து முடித்து, மைத்துனருக்கு ஒன்று வாங்கி அனுப்பினார். துபாயில் இருக்கும் மருமகன் பாதியில் மூடி வைத்துவிட்டான். அதிலிருந்து அவன் ஆட்டுக்கறியைத் தொடுவதில்லை என்று மகள் குறைப்பட்டாள். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் மட்டும் வாசகர் கூட்டத்தில் எழுந்து, பக்கத்துக்குப் பக்கம் ரத்தம், இதில் இலக்கியம் எங்கே என்று கேட்டார்.

"சாப்பிட உக்காந்தா உம்ம புஸ்தகந்தான்வே ஞாபகத்துக்கு வருது" என்றார்.

"அம்புட்டு தூரம் வந்துட்டுன்னா நல்ல புஸ்தகந்தான சார்" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு என்னிடம்தான் இலை சொல்லியிருந்தார்.

அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் சிக்கல் வந்தது. முகூர்த்த இலையை வெயில் தாழ்ந்த பிறகுதான் அறுப்போம். வெயிலில் அறுத்தால் மறுநாள் பந்தியில் துவண்டு கிடக்கும். நுனி இலை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பேராசிரியரும் என்னோடு வண்டியில் வந்தார். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் என் தோட்டத்தில் போய் இறங்கினால், அறுக்கிற ஆண்களும் கட்டுகிற பெண்களும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு இலைகூட அறுபடவில்லை.

காரணம் என் புத்தகம். பெண்களில் ஒருத்தி பன்னிரண்டாவது படித்தவள். மத்தியானச் சாப்பாட்டின்போது தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டி, அன்றைக்குத்தான் முடித்திருக்கிறாள். சேற்றுவாயன் பகலில் பதுங்கிக் கிடக்கும் இடத்தை எங்கே வைப்பது என்று அலையாமல் என் தோட்டத்தையே எழுதியிருந்தேன். பம்புசெட் அறை, அதன் பின்னால் சாய்ந்த புளியமரம், எல்லாம் அப்படியே. பொழுது சாயும்போது அது எழுந்திருக்கும் என்றும் எழுதித் தொலைத்திருந்தேன்.

சத்தம் போட்டுப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. இருட்டுமுன் அறுக்காவிட்டால் மறுநாள் பந்தி காகித இலையில் உட்காரும். என் இலைக்காக ஒரு பந்தியும் காத்திருந்தது இல்லை என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் சம்பாதித்த பேர்.

"அதான் கடைசியில செத்துட்டுல்லா?" என்று கேட்டேன்.

"ஒரே வெட்டுல சாவுதுன்னு எழுதிருக்கிய அண்ணாச்சி" என்றாள் வாசித்தவள். "அம்புட்டு பேரத் தின்னது ஒரு வெட்டுல சாவுமா?"

ஆட்களில் மூத்தவர், உடம்பு ஆற்றோடு போய்விட்டதாக எழுதியிருக்கிறதே, போன உடம்பைப் பார்த்தது யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசி அத்தியாயத்தை அச்சகக்காரர் அவசரப்படுத்தியதால் சுருக்கியிருந்தேன்.

வரப்பில் உட்கார்ந்து அதை மறுபடி கொல்ல ஆரம்பித்தேன். காலை வெட்டினேன். ஊர்ந்து வருமே என்றார்கள். கையை வெட்டினேன். வயிற்றில் வாய் இருக்கிறதே என்றாள் ஒருத்தி. அந்த வாயில் பனங்கட்டையைச் சொருகி, பல்லையெல்லாம் உடைத்து, அதன் குடலை உருவி அதன் கழுத்திலேயே சுற்றி இறுக்கினேன். இப்போது இரண்டாம் பதிப்பில் இருப்பது அந்தச் சாவுதான். அவர்கள் முகம் இன்னும் தெளியவில்லை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்ற பேராசிரியர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அந்தத் தலையையும் எடுத்துரும்வே. இருட்டிட்டு வருது."

எடுத்தேன். தென்னை ஓலையைக் குவித்து உடம்பையும் தலையையும் தனித்தனியாக எரித்தேன்.

"சாம்பலு?" என்றாள் வாசித்தவள்.

"புன்னக்காயல்ல கொண்டுபோய்க் கடல்ல கரைச்சாச்சு."

மூத்தவர் எழுந்து துண்டை உதறினார். "அப்பம் நீங்க முன்னால போங்க அண்ணாச்சி. கொன்னது நீங்கதான."

அரிவாளை வாங்கிக்கொண்டு முன்னால் போனேன். பம்புசெட் அறையைத் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தமே இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. புளியமரத்தை ஒட்டி நின்ற வாழையில் முதல் இலையை அறுத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன். அடுத்த வரிசையில் ஒரு அரிவாள் இலைக்காம்பில் விழுந்தது. பிறகு இன்னொன்று. கண் தெரிகிற வெளிச்சம் இருக்கும்போதே வண்டி நிறைந்து கிளம்பியது.