எந்தப் பட்டியலில் எஸ்தர்

வேலை முடிந்ததும் இங்கே கேட்டைத் திறந்து விடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதமாகியும் இது எனக்குப் பழகவில்லை. மற்ற பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகையில், நான் மட்டும் காவலாளியின் முகத்தைப் பார்த்து ஒரு கணம் நிற்கிறேன். "இன்னாமா, எதுனா மறந்து வெச்சிட்டியா?" என்பார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடப்பேன்.

வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட நினைக்கிறவர்களுக்கும், ஊரிலிருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நான் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்தவள் எஸ்தர். எங்கள் ஊர்தான், அடுத்த தெரு. ஒப்பந்தம் முடிந்து எங்களை அனுப்பிவிட்டதும், ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்து அவள் முதலில் தாய்லாந்து போனாள். இரண்டு மாதத்தில் குரல் பதிவு வந்தது. "ஏட்டி பேச்சி, டேட்டா என்ட்ரிதான். ஏசி ரூம். நீயும் வந்துரு."

பாங்காக்கில் இறங்கிய என்னைக் காரில் ஏற்றி, பிறகு படகில் ஆற்றைத் தாண்டவைத்து, மியான்மரில் முள்கம்பி வேலி போட்ட ஒரு வளாகத்தில் விட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பணக்காரி போல நடித்து, முகம் தெரியாத ஆண்களைச் செல்போனில் ஏமாற்றுவதுதான் வேலை. "க்வாய், க்வாய்" என்று பின்னால் அதட்டிக்கொண்டே இருப்பார்கள். சீன மொழியில் சீக்கிரம் என்று பொருள். மறுத்தால் அடி, கரண்ட் ஷாக். அங்கேயே அடைபட்டிருந்த எஸ்தர் என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தா விட்டுருவோம்னானுவ. எனக்கு வேற யாரட்டி தெரியும்?" அவளை அவர்கள் விடவில்லை. ஒருநாள் என்னை அடிக்க வந்தபோது குறுக்கே விழுந்து, எனக்கு விழ வேண்டியதை அவள் வாங்கினாள்.

அந்நாட்டு ராணுவம் வளாகத்துக்குள் நுழைவதற்கு ஒரு வாரம் முன்பே அவளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ராணுவம் மீட்ட எங்களை வைத்திருந்த முகாமுக்கு நம் தூதரக அதிகாரிகள் வந்து எங்கள் பெயர்களை எழுதினார்கள். விமானப்படை விமானத்தில் கொண்டுவந்தார்கள். இறங்கியதும் கைரேகை, விசாரணை. அரசாங்கம் அன்று வராவிட்டால் நான் இல்லை. அதை மறக்கமாட்டேன்.

ஒரகடம் பக்கத்துச் சேரப்பணஞ்சேரியில் மறுபடி வாடகை அறை. "ஃபாரின் போய்ட்டு வந்துகீற, ஒரு சாக்லேட்டு கூட கண்ணுல காட்டல" என்றார் வீட்டுக்கார அம்மா. சிரித்துவிட்டு அறைக்குள் போனேன். அன்றிலிருந்து நான் அவருக்குத் திமிர் பிடித்தவள்.

சைபர் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் அம்மா என்னை வாக்குமூலத்துக்கு அழைத்தார். ஏஜென்ட் கடையைப் பூட்டிவிட்டு ஓடியிருந்தான்.

"உன்னைக் கூப்பிட்டது யாரு?"

செல்போனைப் பைக்குள் இன்னும் உள்ளே தள்ளினேன்.

"இத பாரும்மா, மீட்க வேண்டியவங்க லிஸ்ட் ஒண்ணு இருக்கு. ஆள் சேர்த்தவங்க லிஸ்ட் ஒண்ணு இருக்கு. நீ பேரே சொல்லலன்னா நாங்க யாரைத் தேடறது?"

"எஸ்தர் பேரு ரெண்டுலயும் வரும் மேடம்."

"அப்படி எழுத முடியாதும்மா. கூப்பிட்டது அவதானே?"

குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவள் எனக்காக அடிபட்டதையும் சொன்னேன். அவர் நல்லவர், அதையும் கடைசியில் எழுதிக்கொண்டார். "கோர்ட்டுல பாத்துப்பாங்க" என்றார்.

எஸ்தரையும் மீட்டுவிட்டார்கள், அடுத்த விமானத்தில் வருகிறாள் என்று தகவல் வந்தது. அவள் அம்மா ஊரிலிருந்து வந்து, சென்னை விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போலீசில் நான் சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டு பெண் போலீசாருக்கு நடுவே எஸ்தர் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கூடவே வந்த இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்து, "நீ சொன்னது இவங்களைத்தானே?" என்றார்.

தலையாட்டினேன். அந்த அம்மாவின் கை என் கையை விட்டது.

"நல்லாருக்கியாட்டி?" என்று மட்டும் கேட்டாள் எஸ்தர். வேனில் ஏற்றினார்கள். இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை. ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது, என்னைப் பார்க்க அவள் வரவில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போகலாமென்று பையோடு பெருங்களத்தூர் வந்தேன். சாயங்காலம், சங்கரன்கோவில் பஸ் வந்து நின்றது. "ஏறுதியா தாயி?" என்றார் கண்டக்டர், எங்கள் ஊர்ப் பேச்சில். எங்கள் வீட்டுக்கு அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். பஸ் உறுமியது. இன்னொரு கால் தரையை விட்டு எழவே இல்லை.