சின்னப்பன் அண்ணனும் ஆறு மணித் தமிழ்ப் பூசையும்

சின்னப்பன் அண்ணன் போய்விட்டார். இன்று காலை மெசேஜ் வந்தது. தூக்கத்திலேயே போனாராம்.

எங்கள் பங்குக் கோயிலில் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மைக்கில் அறிவிப்பு வாசிப்பது... எல்லாம் அவர்தான். மைசூரில் இத்தனை வருஷம் இருந்தும் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்ப் பேச்சு மட்டும் மாறவே இல்லை.

எனக்கு அவரோடு பழக்கம் பக்தியால் வந்ததல்ல. நான் ஷாமியானா, சேர் வாடகைக்கு விடுகிறவன். பூசைக்குப் போவது வருஷத்துக்கு மூன்று முறை. கோயிலில் பெஞ்சுகளுக்குப் பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் சேர்கள் என்னுடையவை. நிரந்தரமாகவே கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தமிழ்ப் பூசை. ஒரு காலத்தில் வாசல் வரைக்கும் நிற்பார்கள். பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், பிள்ளைகள் எட்டு மணிக் கன்னடப் பூசைக்குப் போனார்கள். அதிலும் பாதிப் பேர் இப்போது எந்தப் பூசைக்கும் போவதில்லை.

போன வருஷம் புது ஃபாதர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். மூன்று கோயில், ஒரே ஆள். "நாப்பது பேராவது வந்தால் வைக்கிறேன் சின்னப்பா, இல்லாவிட்டால் கன்னடப் பூசையோடு சேர்த்துவிடலாம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார்.

அண்ணன் அவரிடம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். என்னிடம் மட்டும் சொன்னார்: "கன்னடத்துல யாவாரம் பண்ணலாமுங்க தம்பி, சண்டைகூடப் போடலாம். சாமி கும்புடறதுக்கு மட்டும் எனக்கு வாய் வர மாட்டேங்குது."

அந்தச் சனிக்கிழமையே கடைக்கு போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, பின்னாடி நாலு வரிசை சேரை எடுத்துருங்க. காலியாக் கெடந்தா ஃபாதர் கண்ணுல குத்தும்."

"ஆளைக் கூட்டுங்கண்ணா. நீங்க சேரைக் குறைக்கிறீங்களே."

"உங்க கடையில சரக்குக் கம்மியா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

இருக்கிறதை முன்னால் இழுத்து அடுக்குவோம்... வேறென்ன.

ஆளைக் கூட்டவும் அவரிடம் ஒரு வழி இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் கோயிலில் பூசை தொடங்கும் முன் இறந்தவர்களின் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். இன்றைய பூசை இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று. வீட்டு ஆள் பெயர் வாசிக்கிற அன்று, எவ்வளவு சோம்பேறியும் வந்து உட்கார்ந்துவிடுவான்.

அண்ணனிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. பங்கில் யார் எப்போது இறந்தார்கள், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், போன் நம்பர் என்ன... எல்லாம் கையால் எழுதியது.

பிப்ரவரியில் எனக்குப் போன் வந்தது. "தம்பி, ஞாயித்துக்கெழம அம்மா பேரு வாசிக்கறோம். வந்துருங்க."

அம்மாவின் நினைவு நாளையே மறந்துவிட்டோமே என்று கூசிப்போனது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவி, பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா பெயரை வாசித்தார். பெயர் தெளிவாகக் கேட்டது... அது போதும்.

வீட்டுக்கு வந்து அம்மா போட்டோவின் கீழே தேதியைப் பார்த்தேன். ஆகஸ்ட்.

போன் செய்தேன். "அண்ணா, அம்மா போனது ஆகஸ்ட்ல."

"தெரியுமுங்க தம்பி. ஆகஸ்ட்லயும் வாசிச்சுருவோம். ரெண்டு தடவ வேண்டிக்கிட்டா அம்மா கோவிச்சுக்குமா?"

"இன்னிக்கு எத்தனை பேருண்ணா?"

"நாப்பத்திமூணு. உங்க நாலு பேரையும் சேத்தி."

இருபத்தைந்து வருஷமாக வியாபாரம் செய்கிறேன். என்னையே ஒருவர் இப்படிக் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை.

வந்த இளசுகளில் சிலரைப் பிடித்து வாசகம் வாசிக்கவும் வைத்தார். அவர்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. சனிக்கிழமைதோறும் பைபிள் வாசகத்தைக் கன்னட எழுத்தில் எழுதித் தருவார். பார்த்தால் கன்னடம். வாசித்தால் தமிழ்.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பங்கில் பிறந்து சாமியாரான ஃபாதர் ஒருவர் ஜெர்மனியில் இருக்கிறார். லீவுக்கு வந்தபோது டீ குடித்துக்கொண்டே சொன்னார், அங்கே ஞாயிறு பூசைக்கு ஏழெட்டு வயசானவர்கள்தான் வருகிறார்களாம். பக்கத்து ஊர்க் கோயிலை விற்று லைப்ரரி ஆக்கிவிட்டார்களாம். நாங்கள் உச்சுக்கொட்டிக்கொண்டு இருந்தோம்.

அண்ணன் மட்டும் கேட்டார், "சேரெல்லாம் என்ன பண்ணுனாங்க சாமி?"

பெஞ்சுகளை ஏலம் விட்டார்களாம். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "இங்க சாமியாரு பத்தல, அங்க சனம் பத்தல. ரெண்டு ஊரையும் ஒரே பஸ்ஸுல ஏத்திவுட்டாத் தேவல."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

அடக்கப் பூசை இன்று மாலை நான்கு மணிக்கு. கன்னடத்தில். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாதாம். அது அவர்கள் வீட்டு முடிவு, நான் சொல்ல ஒன்றுமில்லை.

மதியம் அவர் மகனிடம் அந்த நோட்டைக் கேட்டேன். "எதுக்கு அங்கிள்?" என்றான். கொடுத்துவிட்டான்.

போன வாரம் வந்தது முப்பத்தெட்டுப் பேர் என்று கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. ஃபாதருக்கு அது தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிப் பூசையில் சின்னப்பன் அண்ணன் பெயர் வாசிப்பார்கள். உங்கள் வீட்டு ஆள் பெயரும் இருக்கலாம். தேதி சரியா என்று பார்க்க வேண்டாம், வந்துவிடுங்கள்.

பின்னால் நான்கு வரிசை சேரைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன்.

போய் வாங்க அண்ணா.