கஞ்சி போட்ட முகத்துணி

நான் என் மூஞ்சிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டவன். உவமை இல்லை. மூக்கை மறைத்துக் கட்டும் துணியை வேட்டியைப்போலக் கஞ்சியில் முக்கி, விறைக்கக் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டேன். இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. இவ்வளவு சுத்தமான முட்டாள்தனத்தில் பிறருக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் புளோரூம் சூப்பர்வைசராக இருந்தேன். பஞ்சுப் பேல்களைப் பிரித்து, அடித்து, தூசி போக்குகிற இடம் அது. போக்கிய தூசி வேறெங்கே போகும், எங்கள் மூக்குக்குள்தான். வேலையாட்கள் பழந்துண்டையோ கிழிந்த வேட்டியையோ கட்டிக்கொள்வார்கள். இண்டர்மீடியட் வரை போய் அதில் தோற்றும் வந்த நான், அவர்களைப்போல் கந்தலைக் கட்டுவதா? புது மல் துணி வாங்கி, மடித்துத் தைத்து, வெளுக்கிறவரிடம் கொடுத்துக் கெட்டிக் கஞ்சி போடச் சொன்னேன். தினமும் காலையில் முகத்தை மழமழவென்று சிரைத்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு போவேன்.

புளோரூமின் சூட்டில் மூச்சும் வேர்வையும் பட்டு அந்தக் கஞ்சி பசையாக இளகும். பஞ்சுத்தூசி அதில் அப்பிக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்தில் கழற்றித் தொங்கவிட்டால் அப்பளமாகக் காயும். மறுபடி கட்டினால் அதன் விளிம்பு, காலையில் சிரைத்த கன்னத்தை அறுக்கும். கொஞ்ச நாளில் மூக்குத்தண்டு, கன்னம், தாடை எல்லாம் சிவந்து தோல் உரிந்தது. என்னிடம் ஒரு இங்கிலீஷ் வைத்தியப் புத்தகம் இருந்தது. அதில் டிங்சர் அயோடின் என்று பார்த்தேன். எங்கே, எவ்வளவு என்று அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். படித்தவன் எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டுமா என்ன? தாராளமாகத் தடவினேன். சிவப்பாக இருந்த இடமெல்லாம் பழுப்பாகிச் செதில் செதிலாக உதிர்ந்தது.

அந்தக் கோலத்தில் நான் நிற்கும்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்ததுதான் அங்கே சட்டம். மனிதர் பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் முகத்தில் இப்படிப் படை படையாக இருந்தால் அதற்கு ஒரே ஒரு வியாதியின் பெயர்தான், குஷ்டம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் பெண்ணும் எடுக்க மாட்டார்கள்.

"தம்பிக்கு இது எம்புட்டு நாளா இருக்கு?"

"நோய் இல்லீங்க. ஆலையில கட்டுற துணி உரசுனது."

"எங்க ஊர்ப் பயலுவளும் அந்த ஆலையிலதான் வேலை பாக்கானுவ. அவனுவ மூஞ்சியெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

கஞ்சி விவகாரத்தைச் சொல்ல என் கௌரவம் விடவில்லை. மனிதத் தோலின் அடுக்குகளைப் பற்றி அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் காப்பியைத் தொடாமலே எழுந்தார்.

"அமாவாசை கழிச்சு வாறோம் தாயி," என்றார் என் அம்மாவிடம். "அப்பமும் இப்படியே இருந்தா வேற எடம் பாத்துக்கிடுங்க."

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் தங்கை என்மேல் பாய்ந்தாள்.

"ஏண்ணே, ஒனக்குக் கூறு இருக்கா? என்னப் பாக்க வந்தவிய ஒம் மூஞ்சியப் பாத்துட்டுப் போறாவ!"

அயோடின் புட்டி சாக்கடைக்குப் போனது. சவரக்கத்தி அவள் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. பல வருஷம் துவைத்து நைந்துபோன அப்பாவின் வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, கஞ்சி காட்டாமல் உலர்த்தினாள். காலையில் ஒன்று, வேர்வையில் நனைந்ததும் மாற்ற இன்னொன்று. காதில் மாட்டாமல் பிடரியில் தளர்வாக முடிச்சு. கட்டுவதற்கு முன் மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் தேங்காயெண்ணெய் மெல்லிசாக. வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுக்க வேண்டும், சோப்பு கூடாது.

"தேச்சே, கையை ஒடிச்சிருவேன்."

இதில் பாசம் இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். செம்புத் தண்ணீரை அவள் என் முகத்தில் ஊற்றிய வேகத்தில் ஊற்றினால் அடுப்பு அணையும். ஆனாலும் எரிச்சல் அடங்கியது. செதில் உதிர்ந்து புதுத்தோல் வந்தது. அதன்மேல் தாடியும் வந்தது.

அமாவாசை கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். பெரியப்பா என் தாடியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தாயி, நோயத் தாடிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியளா? சவரத்துக்கு ஆளக் கூப்பிடுங்க."

"வெள்ளிக்கிழமை அண்ணாச்சி," என்று அம்மா கையைப் பிசைந்தாள். "நல்ல காரியம் பேசுற நாளும் அதுவுமா வீட்டுல கத்தி வைக்கவா?"

"நல்ல காரியமா இல்லையான்னு செரைச்ச பொறவுதான தெரியும்?"

முற்றத்தில், நல்ல வெயிலில், என்னை உட்கார்த்திச் சிரைத்தார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் முழுதும் சுற்றி நின்றது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்கூட இத்தனை கிட்டத்தில் மூச்சு விட மாட்டார்கள். கதவிடுக்கில் தங்கையின் ஒரு கண் தெரிந்தது. என் கன்னத்தை யாரும் அத்தனை நம்பிக்கையோடு அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கத்தி ஒதுங்கியதும் பெரியப்பா குனிந்தார். அந்த வியாதி கண்ட இடம் மரத்துப்போயிருக்குமாம். என் வலது கன்னத்தைப் பிடித்துத் திருகினார்.

"யம்மா!"

"வலிக்கா?"

"வலிக்குங்க!"

"இந்தப் பக்கம்?"

இடது கன்னத்தில் அவர் கொடுத்த திருகு பரிசோதனைக்கு வேண்டியதைவிட அதிகம். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். நான் போட்ட கத்தலில் கதவுக்குப் பின்னால் தங்கை சிரித்துவிட்டாள். அப்படியே தாம்பூலத்தை மாற்றிக்கொண்டார்கள்.

வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்த வண்டியில் அப்போதுதான் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "பொண்ணோட அண்ணன் மூஞ்சி எப்படி இருக்கு? நல்லா பாத்தியளா?"

அவர் தாழ்ந்த குரலில் பதில் சொல்லவில்லை.

"பாத்துட்டேன். நோயெல்லாம் ஒண்ணுமில்ல. அவனுக்கு வாய்ச்ச மூஞ்சியே அம்புட்டுதான்."